சித்தப்பாவின் லேப்டாப்பில் காணாமல் போன ஹார்டு டிஸ்க்

புதன்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் தூத்துக்குடியிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். அந்த நேரத்துக்கு அவர் கூப்பிடுகிற ஆள் இல்லை.

"லேப்டாப்பு எந்திரிக்க மாட்டேங்குய்யா. கருப்பா ஒரு தெர, அதுல வெள்ள எழுத்து. கடையில கொண்டு காட்டுனேன். டிஸ்க்கு செத்துப் போச்சு, புதுசு போடணும், பழசுல உள்ளது கெடைக்காதுன்னு சொல்லுதான்."

"காப்பி ஏதும் எடுத்து வச்சிருக்கீங்களா சித்தப்பா?"

பதில் வரக் கொஞ்சம் நேரமானது. "இல்லய்யா."

அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாகக் கடற்கரையில் தோணிக்காரர்களிடமும் வலைக்காரர்களிடமும் தோணி கட்டும் ஓடாவிகளிடமும் உட்கார்ந்து பேசி, அவர்கள் வாயில் புழங்கும் சொற்களைத் தொகுத்து வருகிறார். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றின் பெயர்களுக்கு மட்டும் தனிக் கோப்பு வைத்திருக்கிறார். மொத்தம் நாலாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள். அவற்றைச் சொன்ன பெரியவர்களில் சிலர் இப்போது இல்லை. மறுபடி போய்க் கேட்டு எழுத முடியாத வேலை அது. எல்லாமே அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருந்தது.

சனிக்கிழமை வருகிறேன், அதுவரை ஆன் செய்தே பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஃபோனிலேயே சில கேள்விகள் கேட்டேன். எந்தப் பழுதுக்கும் எனக்கு முதல் கருவி இதுதான். எப்போதிலிருந்து தொல்லை? சித்திரை மாதம் ஃபேன் சத்தம் அதிகமாகிறது என்று ஒரு கடையில் கொடுத்து தூசி தட்டி வாங்கினாராம். அதற்குப் பிறகுதான் நடுநடுவே அரை நிமிடம் உறைந்து நிற்கும், அப்புறம் ஓடும். இன்னொன்றும் சொன்னார். மேசையில் இருக்கும்போது ஓடும், எடுத்துக் கட்டிலுக்குக் கொண்டு போனால் நின்றுவிடும். அந்தக் கடைசி வாக்கியத்தைத் தாளில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். கையில் தூக்கினால் வருவதும் போவதுமாக இருந்தால், டிஸ்க்கைவிட அதற்குப் போகும் இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சனிக்கிழமை போனதும், விண்டோஸுக்கு முன்பே எழும் அமைப்புத் திரையான பயாஸைத் திறந்தேன். இந்த லேப்டாப்பில் எஃப்2. சிலவற்றில் எஃப்10, சிலவற்றில் எஸ்கேப் அல்லது டெலீட் விசை. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா போர்ட்டுக்கு எதிரே டிஸ்க்கின் மாடல் எண் தெரிய வேண்டும். அங்கே 'நாட் டிடெக்டட்' என்று இருந்தது.

இந்த இடத்தில்தான் வழி பிரிகிறது. பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் எழவில்லை என்றால் அது வேறு வியாதி. பூட் வரிசை மாறியிருக்கலாம், எழும் முறை யூஇஎஃப்ஐ என்ற புதிய வகையிலிருந்து லெகசி என்ற பழைய வகைக்கு மாறியிருக்கலாம், பூட் கோப்புகள் கெட்டிருக்கலாம். போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல் தீர்ந்து, சாட்டா அமைப்பு ஏஹெச்சிஐ என்ற முறையிலிருந்து வேறொன்றுக்கு மாறிவிட்டால் டிஸ்க் தெரியும், விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கும். இதற்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த லேப்டாப்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. பயாஸில் டிஸ்க் இருக்கும், விண்டோஸ் நிறுவும்போது மட்டும் 'டிரைவ் எதுவும் இல்லை' என்று வரும். விஎம்டி என்ற அமைப்பு இயங்குவதுதான் காரணம். இன்டெலின் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை பென் டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தெரிய ஆரம்பிக்கும். போன வருடம் ஒரு நண்பர் இதை அறியாமல் நல்ல எஸ்எஸ்டியை (சுற்றும் தட்டு இல்லாத டிஸ்க்) திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார்.

பயாஸிலேயே பெயர் இல்லை என்றால் விண்டோஸைப் பற்றி யோசித்துப் பயனில்லை. டிஸ்க், கேபிள், போர்டு, இந்த மூன்றில் ஒன்று.

அடுத்தது காது. ஒரு ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, அதன் முனையை டிஸ்க் இருக்கும் பக்கம் அடிமூடியில் தொட்டுக்கொண்டு பவர் கொடுத்தேன். மெல்லிய ரீங்காரம் எழுந்து ஒரே சீராக நின்றது. கூடவே ஒரே ஒரு சின்ன 'டிக்', படிக்கும் தலைகள் சுழலும் தட்டின் மேல் இறங்கும் சத்தம். இது நல்ல அறிகுறி. இதற்குப் பதிலாக டக், டக், டக் என்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே இருந்தால், அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். தலை கெட்டுப்போய்த் தடம் கிடைக்காமல் தேடும் சத்தம் அது. தலைக்கும் தட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளிதான். ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் தட்டின் மேல் கீறல் போடுவதற்குச் சமம். அந்த நிலையில் உள்ளே முக்கியமானது ஏதாவது இருந்தால், தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குப் போவது ஒன்றே வழி. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் அதன் மேல் வியர்க்கும் ஈரம் மிச்சத்தையும் கெடுத்துவிடும்.

இங்கே மோட்டார் சீராகச் சுற்றுகிறது. ஆக, 5 வோல்ட் மின்சாரம் டிஸ்க்குக்குப் போய்ச் சேருகிறது. பேச்சு மட்டும்தான் போர்டுக்கு வந்து சேரவில்லை.

சரி, திறக்கலாம் என்று உட்கார்ந்தேன். சார்ஜரை எடுத்து, அடிமூடியைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரியின் பிளக்கை போர்டிலிருந்து பிடுங்கினேன். பிறகு பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து, தங்கியிருக்கும் மின்சாரத்தையும் போக்கினேன். ஸ்க்ரூக்களை ஒரு தாளில் லேப்டாப்பின் படம் போட்டு, அந்தந்த இடத்தில் செல்லோ டேப்பால் ஒட்டி வைத்தேன். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் கைவைக்கும் பலகையில் புடைத்துக்கொண்டு வரும். மூடியின் கிளிப்புகளுக்குக் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும்.

டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தில் நான்கு ஸ்க்ரூவோடு இருந்தது. அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ரிப்பன் கேபிள் போர்டுக்குப் போகிறது. அந்தக் கேபிள் சட்டத்தின் ஓரத்துக்கு அடியில் மாட்டி, தகரத்தின் விளிம்பில் மடங்கிக் கிடந்தது. தொழிற்சாலையில் அப்படி வைத்திருக்க மாட்டார்கள். தூசி தட்டியவர் சட்டத்தைத் திரும்பப் பொருத்தும்போது கேபிளைக் கவனிக்கவில்லை.

அங்கேயே கேபிளை நேராக்கி மூடிவிடலாம் என்றுதான் கை போகும். போகக்கூடாது. முதலில் எழுத்து, அப்புறம்தான் இயந்திரம். டிஸ்க்கைச் சட்டத்தோடு வெளியே எடுத்து, சாட்டாவிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டரில் செருகி, என் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயங்குதளத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். டிஸ்க்கின் லேபிளில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 900. பழைய போர்ட்டில் செருகி, டிஸ்க் சுற்றத் திணறுவதைப் பார்த்து 'இதுவும் செத்துவிட்டது' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. ஹப் எதுவும் நடுவில் வைக்காமல் யூஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகினேன்.

இணைந்திருக்கும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுத்தேன். எஸ்டிபி என்ற பெயரில் 931.5 ஜிபி. டிஸ்க் வந்துவிட்டது.

சித்தப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றார். "ஒரு டிபின்னுல்லா சொன்னான் விக்கும்போது?" என்றார். ஒரு டிபி என்பது ஒரு லட்சம் கோடி பைட். விற்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், கணினி 1024 ஆகப் பெருக்கிக் காட்டுகிறது, அளவு ஒன்றேதான் என்று சொன்னேன். அவருக்கு அப்போதுதான் முகம் கொஞ்சம் இளகியது.

இதே வேலையை விண்டோஸில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்க்கைச் செருகியதும் 'ஃபார்மட் செய்ய வேண்டுமா', 'இனிஷியலைஸ் செய்ய வேண்டுமா' என்று கேட்டால் இரண்டுக்கும் கேன்சல்தான். செக்டிஸ்க் ஓடவிடுவதும் பிரதி எடுத்த பிறகுதான். அது பழுதைச் சரிசெய்கிறேன் என்று டிஸ்க்கின் மேல் எழுத ஆரம்பித்துவிடும்.

அடுத்து டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கை. ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றிய ஸ்மார்ட் என்ற பதிவேட்டைத் தானே எழுதிக்கொண்டு வரும். ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை அதைப் படித்துக் காட்டும். நான் பார்த்தது நான்கே வரிகள். 5ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுத்த செக்டர்கள், அதாவது தட்டின் சிறு கூறுகள்: 0. 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள்: 0. 198, திருத்தவே முடியாதவை: 0. கடைசியாக 199: 2291.

இந்த 199தான் முக்கியம். யூடிஎம்ஏ சிஆர்சி பிழை எண்ணிக்கை என்று பெயர். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் போகும்போது வழியில் சிதைந்தால் இந்த எண் ஒன்று கூடும். தட்டில் எழுதியிருப்பது நன்றாக இருக்கிறது, கொண்டுபோகும் பாதைதான் மோசம் என்று டிஸ்க்கே சொல்லும் வாக்குமூலம் இது. இன்னொரு குணமும் உண்டு, இது ஏறும், இறங்காது. எனவே எண் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, இன்னும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. 2291 என்று தாளில் குறித்துக்கொண்டேன்.

முதலில் சொற்கள் இருந்த கோப்புறையை நகலெடுத்தேன். விண்டோஸ் ஒழுங்காக அணையாததால் உபுண்டு அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் என்று திறந்தது. நல்லதாகப் போயிற்று, நானும் அப்படித்தான் திறந்திருப்பேன். கோப்புறையோடு விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையையும் எடுத்துக்கொண்டேன். காரணம், சித்தப்பா தட்டச்சு செய்வது பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நாலாயிரம் சொல்லும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். காப்பாற்றியும் இழந்தது போலத்தான். இவற்றை எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் வேலையை அடுத்த விடுமுறைக்கு வைத்திருக்கிறேன்.

பிறகு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் 2 டிபி வெளி டிஸ்க் ஒன்றில் அப்படியே படியெடுத்தேன். இது எங்கே வரை போனேன் என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூன்று மணி இருபது நிமிடம் ஆனது. பிழை 0. அந்த நேரத்தில் சித்தி போட்ட சோறும் நெத்திலிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் தூங்கவும் செய்தேன்.

கையில் இரண்டு பிரதி இருக்கிறது என்றான பிறகுதான் கேபிளைத் தொட்டேன். டிஸ்க்கைப் பழையபடி லேப்டாப்பில் மாட்டி, அடிமூடி இல்லாமலே ஓரமாகக் கவிழ்த்து நிறுத்தி, உபுண்டு பென் டிரைவில் எழுப்பினேன். திரையில் டிஎம்இஎஸ்ஜி என்ற கட்டளை ஓடிக்கொண்டிருந்தது. இயங்குதளத்தின் மையமான கர்னல் என்ன பார்க்கிறது என்பதை வரிவரியாகச் சொல்லும். கேபிளை நேராக வைத்தபோது 'சாட்டா லிங்க் அப் 6.0 ஜிபிபிஎஸ்' என்று வந்தது. பென்சிலின் ரப்பர் முனையால் மடிப்பு விழுந்த இடத்தை மெல்ல அழுத்தினேன். முதலில் பிழை வரிகள் கொட்டின. வேகத்தை 3.0க்குக் குறைக்கிறேன் என்றது, பிறகு 1.5. இன்னும் ஒரு நூல் அழுத்தினேன். 'லிங்க் டவுன்'. ரப்பரை எடுத்தேன், சில நொடியில் மறுபடி அப். மேசையில் ஓடியதும் கட்டிலில் நின்றதும் இதுதான். உடனே 199ஐப் படித்தேன். 2314. அழுத்திய அந்தச் சில நிமிடத்தில் 23 கூடியிருந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம் என்று அணைத்துவிட்டேன்.

கேபிளைத் தனியே கழற்றி, சித்தப்பா பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பழுப்பு நிறப் பட்டையில் மடிப்பு விழுந்த இடம் வெளுத்து, ஒரு மயிரிழைக் கோடாக நின்றது. அந்தக் கோட்டைத் தாண்டும் இடத்தில் செம்புத் தடங்கள் இரண்டு மற்றவற்றைப் போல மின்னவில்லை, நடுவில் இருட்டாக ஒரு வெட்டு. போர்டில் செருகும் முனையில் வேறொன்று. பொன் பூசிய விரல்கள் வரிசையில் ஓரத்தில் இருந்த மூன்றின் மேல் பாசி போலப் பச்சை படிந்திருந்தது. வீட்டிலிருந்து கடல் நடந்து போகும் தூரம்தான். ஜன்னல் கம்பியைத் தின்னும் உப்புக்காற்று இதை மட்டும் விடுமா?

மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்தேன். சாட்டாவில் தகவலுக்கு ஏழு பின், மின்சாரத்துக்குப் பதினைந்து. ஏழில் 1, 4, 7 மூன்றும் தரை. 2, 3 போர்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் ஜோடி. 5, 6 டிஸ்க்கிலிருந்து போர்டுக்கு வரும் ஜோடி. கேபிளை நேராகப் பிடித்தால் எல்லாத் தடமும் பீப் அடித்தன. லேசாக வளைத்தேன், 5ஆம் பின் ஊமையானது. 5 வோல்ட் வரும் பின்கள் வளைத்தாலும் பேசின. மோட்டார் சுற்றியும் பயாஸ் ஏன் பார்க்கவில்லை என்பதற்கு விடை அந்த ஒரு பின்னில் இருந்தது. ஒன்றை மறக்க வேண்டாம். மீட்டர் பீப் அடித்துவிட்டால் கேபிள் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மீட்டர் அனுப்புவது நேர்மின்சாரம், கேபிளில் போவதோ நொடிக்கு அறுநூறு கோடி பிட். பாதி அறுந்த தடம் மீட்டருக்குப் போதும், சாட்டாவுக்குப் போதாது.

அந்த இடத்தில் ஒரு துண்டு அட்டையை மடித்து வைத்து அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும். செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அட்டை ஒருநாள் நகரும், நகரும் நேரத்தில் அவர் ஒரு கோப்பைச் சேமித்துக்கொண்டிருப்பார்.

தூத்துக்குடியில் இரண்டு கடையில் கேட்டேன், இந்தக் கேபிள் இல்லை. கேபிள் வாங்கும்போது லேப்டாப் மாடலைச் சொல்லி வாங்கக் கூடாது. ஒரே மாடலிலேயே டிவிடி உள்ளதற்கு ஒரு நீளம், இல்லாததற்கு ஒரு நீளம் என்று இருக்கும். கேபிளின் மேலேயே பொடி எழுத்தில் பார்ட் நம்பர் அச்சிட்டிருக்கும், அதுதான் முகவரி. இரண்டு பக்கமும் படம் எடுத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து இன்னொரு படமும் எடுத்து, சென்னையில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பினேன். அவன் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஏறி இறங்கி மூன்றாவது கடையில் பிடித்தான். கேபிள் 450 ரூபாய், கூரியர் 80. புதன்கிழமை வந்து சேர்ந்தது. திருநெல்வேலியிலிருந்து வேலை முடிந்த கையோடு பஸ் ஏறினேன்.

பொருத்துவதற்கு முன் போர்டின் சாக்கெட்டைச் சுத்தம் செய்தேன். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மென்மையான பிரஷ்ஷில் தொட்டு நான்கைந்து முறை இழுத்தேன். கைக்குப் போடும் சானிடைசர் இதற்கு ஆகாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். டிஸ்க்கின் பக்கமும் அதே வைத்தியம். காய்ந்ததும் புதுக் கேபிளை அது ஏற்கெனவே வளைந்திருந்த போக்கிலேயே படுக்க வைத்து, பூட்டும் பட்டையைத் தூக்கி, கேபிளை ஆழம் வரை நேராகச் செருகி, பட்டையை இரு ஓரத்திலும் ஒரே நேரத்தில் அழுத்தினேன். சட்டத்தின் விளிம்பில் மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப் ஒரு சுற்று. தகரம் இனி கேபிளை அறுக்காது. சட்டத்தை இறக்கும்போது கேபிளை ஒரு விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டேன். சித்திரையில் விட்டுப்போனது அந்த ஒரு விரல்தான்.

பேட்டரி பிளக், மூடி, ஸ்க்ரூ. எஃப்2. டிஸ்க்கின் மாடல் எண் முழுதாக வந்து நின்றது. விண்டோஸும் எழுந்தது. சித்தப்பா ஒன்றும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காற்றுக் கோப்பைத் திறந்து, கடைசியாக எழுதிய சொல் வரை நகர்த்திப் பார்த்தார்.

எஸ்எஸ்டி போட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: போடலாம், வேகமாக இருக்கும், அடுத்த மாதம் போடவும் போகிறோம். ஆனால் அன்று அந்தக் கேபிளில் எந்த எஸ்எஸ்டியைச் செருகியிருந்தாலும் இதே கருப்புத் திரைதான். நல்ல டிஸ்க் குப்பைக்குப் போயிருக்கும், அதோடு ஆறு வருடமும். கடைக்காரர் வேறொரு கணினியில் அதைச் செருகிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். வாடிக்கையாளரிடம் 'உள்ளே இருப்பது கிடைக்காது' என்று சொல்லும் முன் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இப்போது ஒரு பிரதி வெளி டிஸ்க்கில் சித்தப்பா வீட்டு பீரோவில், இன்னொன்று என்னிடம். ஞாயிறு தோறும் புதிதாக எழுதியதை பென் டிரைவிலும் போடுகிறார். கிளம்பும் முன் அவர் கணினியில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை நிறுவி, 199 எண்ணின் வரியைக் காட்டிக் கொடுத்திருந்தேன். இந்த மென்பொருளில் அது சி7 என்ற பெயரில் இருக்கும். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு அந்த வரியைப் படிக்கச் சொன்னேன்.

"ஒம்பது சைபரு. அப்புறம் ஒம்பது, சைபரு, ஏ. நம்பருக்குள்ள எப்பிடிய்யா ஏ வரும்?"

அந்த மென்பொருள் பதினாறின் கணக்கில் காட்டும் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 90ஏ. ஒன்பதை 256ஆல் பெருக்கினால் 2304, ஏ என்பது பத்து. 2314.

"அப்படியே இருக்கு சித்தப்பா," என்றேன். "ஒண்ணுகூட ஏறல."

"சரிய்யா. நான் கடக்கர வரைக்கும் போயிட்டு வாறேன். இன்னைக்கு ஒரு ஓடாவி வரச் சொல்லிருக்காரு."